பலூனுக்கு முதலில் வழி

அக்கா மகள் பைலட் ஆகப் படிக்கிறாள். போன டிசம்பரில் ஏர் ரெகுலேஷன்ஸ் தேர்வுக்காக எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தாள். டிஜிசிஏ நடத்தும் தேர்வு. நூற்றுக்கு 70 எடுத்தால்தான் பாஸ். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜன்னல் சீட் கிடைத்தால் சந்தோஷப்படுகிற ஆள், அவ்வளவுதான்.

"ரெண்டு பிளேன் ஒரே உயரத்துல குறுக்கால நெருங்கி வருது. யாரு வழி விடணும்?"

"எதோட வலது பக்கத்துல இன்னொன்னு இருக்கோ, அது வழி விடணும்."

"விதிவிலக்கு?"

விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். "இன்ஜின் வெச்ச பிளேன், ஏர்ஷிப்புக்கும் கிளைடருக்கும் பலூனுக்கும் வழி விடணும். ஏர்ஷிப், கிளைடருக்கும் பலூனுக்கும் விடணும். கிளைடர், பலூனுக்கு விடணும். பலூன் யாருக்கும் விட வேண்டாம் மாமா. அதுதான் ராஜா."

"ஏன்?"

புத்தகத்தில் இல்லாத கேள்வி. ஒரு விநாடி யோசித்தாள். "அதால திரும்ப முடியாதுல்ல."

அன்று இரவு வேறொரு வரியையும் அவள் ஒப்பித்தாள். அதைக் கேட்டதும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் பலூனிலிருந்து ஆரம்பித்தால்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

*

வெப்பக்காற்று பலூனை ஓட்டுகிறவரால் இரண்டு காரியம்தான் செய்ய முடியும்: மேலே போகலாம், கீழே வரலாம். பக்கவாட்டில் எங்கே போவது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். கிளைடருக்கு இறக்கை உண்டு, திரும்ப முடியும். ஆனால் இன்ஜின் கிடையாது, இழந்த உயரத்தை நினைத்தபோது மீட்க முடியாது. ஏர்ஷிப்புக்கு இன்ஜினும் உண்டு. ஆனால் பெரிய உடம்பு, மெதுவாகத்தான் அசையும். இன்ஜினும் இறக்கையும் வேகமும் கொண்ட விமானத்தால் எப்படி வேண்டுமானாலும் ஒதுங்க முடியும். ஆகவே எல்லோருக்கும் அதுதான் ஒதுங்க வேண்டும். அதே விமானம் பின்னால் ஒரு கிளைடரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனால், மற்ற விமானங்கள் அதற்கு வழிவிட வேண்டும். சுமையோடு இருப்பவன் அந்த நேரத்துக்கு இயலாதவன். எஞ்சின் கெட்டு இறங்கியே ஆகவேண்டிய நிலையில் ஒருவன் இருப்பது தெரிந்தால் எல்லோரும் விலக வேண்டும்.

பட்டியல் முழுவதையும் ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம்: யாரால் முடியும்? யாரால் முடியுமோ அவன் ஒதுங்கு.

இது விமானக்காரர்கள் கண்டுபிடித்த ஞானமில்லை. கடலிலிருந்து வந்தது. பாய்மரப் படகு காற்றை நம்பிப் போவது, நீராவிக் கப்பல் தன் இஷ்டத்துக்குப் போவது, எனவே நீராவிக் கப்பல் விலகட்டும் என்று மாலுமிகள் வைத்திருந்த முறை அப்படியே ஆகாயத்துக்கு ஏறியது. விமானத்தின் இறக்கை நுனி விளக்குகளும் கப்பலில் இருப்பவைதான். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரவில் என் வலது பக்கமிருந்து ஒரு விமானம் குறுக்கே வந்தால் எனக்குத் தெரிவது அதன் இடது இறக்கை. சிவப்பு விளக்கு. நான் வழிவிட வேண்டும். அதே நேரத்தில் அவனுக்குத் தெரிவது என் வலது இறக்கையின் பச்சை. யாரும் யாரிடமும் பேசத் தேவையில்லை. 1944இல் சிகாகோவில் நாடுகள் கூடி கையெழுத்திட்ட உடன்படிக்கையின் இரண்டாவது இணைப்பு இந்த விதிகளை உலகம் முழுக்கப் பொதுவாக்கியது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலின் மேல் பறக்கும்போதும் இவைதான் சட்டம்.

இப்போது நம்ம ரோட்டுக்கு வாருங்கள்.

நம் சாலையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை, ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்கும் மனப்பாடம். நடக்கிறவன் சைக்கிளுக்கு ஒதுங்கணும். சைக்கிள் பைக்குக்கு. பைக் காருக்கு. கார் பஸ்ஸுக்கு. பஸ் மணல் லாரிக்கு. விமானிகளின் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தால் இதுதான் வரும். யாரால் நசுக்க முடியுமோ அவனுக்கு வழி. ஹாரன் என்பது இந்தச் சட்டத்தின் மொழி. "நான் வர்றேன், நீ போ." ஹாரன் அடித்துவிட்டால் கடமை முடிந்தது. விபத்து நடந்த இடத்தில் டிரைவர்கள் முதலில் சொல்வது என்ன என்று கவனித்திருக்கிறீர்களா? "ஹாரன் அடிச்சேன் சார்."

புறநகர்ச் சாலையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பஸ் நம்மை இடிக்காமலே கடந்து போகும்போது ஒரு காற்று அடிக்கும். ஹாண்டில்பார் ஆடும். மண்ணில் இறங்கிவிடுவோம். விமான விதியில் இதற்கும் இடம் இருப்பதைப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. வழிவிடுகிறவன் மற்றவனுக்கு மேலேயோ கீழேயோ முன்னாலோ போகக் கூடாது. போயே ஆகவேண்டுமென்றால் நல்ல இடைவெளி விட்டு, தன் இறக்கைகள் பின்னால் விட்டுச்செல்லும் காற்றுச் சுழலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தொடாமல் போய்விட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நீ போன பிறகு அங்கே என்ன அலை எழும்புகிறது என்பதும் உன் கணக்கில்தான் சேரும்.

வானத்தில் எல்லாம் நியாயமாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. முக்கியப் பிரமுகரின் விமானத்துக்காகப் பயணிகள் விமானங்கள் வட்டமடித்துக் காத்திருப்பதும் நடக்கிறது. பெரிய விமான நிலையங்களில் யார் முன்னே, யார் பின்னே என்பதைக் கட்டுப்பாட்டு அறைதான் சொல்கிறது. பலூன் விதியை நடைமுறையில் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் பறக்கும் சின்ன விமானங்கள்தான். ஆனாலும் முதல் முறை தனியாகப் பறக்கப் போகும் ஒரு பிள்ளைக்கு, வலிமை கூடக் கூட உனக்குக் கடமைதான் கூடும் என்று சொல்லிக்கொடுக்கிற ஒரு சட்டம் எங்கோ இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

*

இதோடு நிறுத்தியிருந்தால் இது நல்லொழுக்கப் பாடம். வலியவன் எளியவனுக்கு விட்டுக்கொடுக்கணும், சரி. ஆனால் விதி அங்கே நிற்கவில்லை.

"வழி கிடைச்சவன் என்ன பண்ணணும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"அதே திசை, அதே வேகம். மாத்தக் கூடாது."

எனக்கு இது உடனே புரியவில்லை. வழி எனக்கு என்றால் நான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றல்லவா அர்த்தம்? இல்லையாம். முன்னுரிமை உள்ளவனுக்கும் ஒரு கடமை இருக்கிறது: அப்படியே இரு. ஒதுங்குகிறவன் உன்னை நம்பித்தான் ஒதுங்குகிறான். நீ இப்படியே போவாய் என்று கணக்குப் போட்டுத்தான் அவன் வலது பக்கம் திருப்புகிறான். அந்த நேரத்தில் நீ பெரிய மனசு பண்ணி, "பரவால்ல, நீங்க போங்க" என்று அதே பக்கம் திரும்பினால் இரண்டு பேரும் காலி. குறுகலான சந்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கிச் சிரித்துக்கொள்வோமே, அந்த விளையாட்டுக்கு வானத்தில் இடமில்லை.

இறங்கும்போது, கீழே இருக்கிற விமானத்துக்கு முன்னுரிமை. ஆனால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு, இறங்கும் கடைசிக் கட்டத்தில் இருக்கிற இன்னொருவனுக்கு முன்னால் வெட்டி நுழையக் கூடாது, அவனை முந்தவும் கூடாது. உரிமையைக் கொடுக்கும் அதே மூச்சில், அதைத் துருப்புச்சீட்டாக ஆக்காதே என்றும் விதி சொல்லிவிடுகிறது.

ஆக, விதி என்பது இரண்டு அந்நியர்களுக்கு இடையே ஒரு முன்கூட்டிய உடன்பாடு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பேசப்போவதுமில்லை. ஆனாலும் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும், நான் என்ன செய்வேன் என்று அவனுக்குத் தெரியும். நான் நல்லவனா என்பது இந்த உடன்பாட்டில் வராது. நம்பத் தகுந்தவனா என்பதுதான் கேள்வி.

இந்த உடன்பாடு இரண்டாகப் பிளந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002 ஜூலை 1ஆம் தேதி இரவு ஓர் உதாரணம். தெற்கு ஜெர்மனியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் இருக்கும் யூபர்லிங்கன் ஊரின் மேலே இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் நெருங்கின. ஒன்று மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா போன டுபோலெவ். 69 பேர், பெரும்பாலும் விடுமுறைக்குப் போன பள்ளிப் பிள்ளைகள். மற்றது சரக்கு ஏற்றிய போயிங், இரண்டு விமானிகள். அந்த வானத்தை சூரிக்கிலிருந்து ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர் பார்த்துக்கொண்டிருந்தார். உடன் பணியில் இருந்தவர் ஓய்வுக்குப் போயிருந்தார். பராமரிப்பு வேலைக்காகத் தொலைபேசி இணைப்பும் எச்சரிக்கை வசதியும் முழுதாக இயங்கவில்லை. கடைசி நிமிடத்தில் ஆபத்தைக் கண்ட அவர், டுபோலெவைக் கீழே இறங்கச் சொன்னார். சில விநாடிகளில் அந்த விமானத்துக்குள் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி, மேலே ஏறு என்றது. போயிங்கில் இருந்த கருவி அதன் விமானிகளிடம், கீழே இறங்கு என்றது. இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசிவைத்துத்தான் ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் அனுப்பின. போயிங் விமானிகள் கருவியைக் கேட்டார்கள். டுபோலெவ் விமானிகள் மனிதக் குரலைக் கேட்டார்கள். இருவரும் இறங்கினார்கள். 71 பேர் இறந்தார்கள்.

அன்று யாரும் விதியை அலட்சியம் செய்து சாகசம் செய்யவில்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தார்கள். கருவிக்கும் மனிதக் குரலுக்கும் முரண் வந்தால் கருவியைத்தான் கேட்க வேண்டும் என்று அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிவைத்தார்கள். என் அக்கா மகள் அதையும் ஒரே வரியில் ஒப்பித்தாள். அந்த ஒரு வரியின் விலை அவளுக்குத் தெரியுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவளே சொன்னாள், "அந்தப் பிள்ளைங்க கதை தெரியும் மாமா. அத நெனச்சா படிக்க முடியாது."

*

இப்போது அந்த வரி.

யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற பட்டியலைத் தொடங்குவதற்கு முன்பே, வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி ஒரு வாக்கியம் நிற்கிறது. அதன் சாரம் இது: மோதலைத் தவிர்க்க எது சிறந்த வழியோ அதைச் செய்யும் பொறுப்பிலிருந்து இந்த விதிகளில் எதுவும் விமானியை விடுவிக்காது.

அதாவது முன்னுரிமை உனக்குத்தான். சட்டப்படி அவன்தான் ஒதுங்க வேண்டும். நீ திசை மாறாமல் போவதுதான் சரி. ஆனால் அவன் ஒதுங்கவில்லை, மோதப்போகிறீர்கள் என்று உனக்குத் தெரிந்துவிட்டால், அதற்கு மேலும் "எனக்குத்தான் உரிமை" என்று போய்க்கொண்டிருக்க உனக்கு உரிமை கிடையாது.

2016ஆம் வருடம் ஆடி மாதம், நானும் அப்பாவும் பைக்கில் திருச்சியிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மெயின் ரோட்டில் நான். இடது பக்கம் ஒரு கிராமத்துச் சாலையிலிருந்து லோடு ஆட்டோ ஒன்று ஏறி வந்தது. வாழைத்தார் ஏற்றியிருந்தது. சுமார் 60 மீட்டர் தூரத்தில் அதைப் பார்த்தேன். ஓட்டியவன் வலது பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை, செல்போன் காதில் இருந்தது. அவன் நிற்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. நான் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டால் நாலு விநாடிக்கும் கொஞ்சம் அதிகம். பிரேக் பிடித்திருந்தால் போதும். நான் ஹாரன் அடித்தேன். அடித்துக்கொண்டே போனேன்.

அந்த நாலு விநாடியில் என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவன்தான நிக்கணும்?

எனக்குக் கையில் சிராய்ப்பு. அப்பாவுக்கு இடுப்பெலும்பு. அதற்குப் பிறகு வாக்கர் இல்லாமல் அவர் நடக்கவில்லை.

வழக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், என் மேலும் பாதித் தவறு என்று காட்டி நஷ்டஈட்டைக் குறைக்கப் பார்ப்பார் என்று எங்கள் வக்கீல் சொன்னார். "எவ்வளவு தூரத்துல பாத்தீங்கன்னு கேப்பாங்க. திடீர்னு வந்துச்சுன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்." அப்படியே கேட்டார்கள். கூண்டில் நின்று, திடீரென்று வந்தது என்றேன். பின்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. முழுத் தவறும் லோடு ஆட்டோ ஓட்டுநருடையது.

வீட்டுக்குத் திரும்பும்போது, ஆட்டோவில், அப்பா கேட்டார். ஒரே ஒரு தடவை, கோபம் இல்லாமல். "அவன் வர்றத நீ பாத்தல்ல?"

"அவன்தானப்பா நிக்கணும்" என்றேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டார். 2021இல் வேறு நோயில் இறந்துபோனார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை.

*

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1976இல் எழுதிய கட்டுரையில் ஒரு லாரி டிரைவர் வருகிறார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தை குறுக்கே வந்து அவர் லாரியில் அடிபட்டு இறந்துவிடுகிறது. சுற்றி இருப்பவர்கள், உங்க மேல தப்பில்ல என்று அவரைத் தேற்றுவார்கள். தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் சட்டென்று தேறிவிட்டால், ஆமா என் மேல தப்பில்லதான் என்று உடனே சொல்லிவிட்டால், அவரைப் பற்றி நமக்கு ஒரு சந்தேகம் வரும் என்கிறார் வில்லியம்ஸ். குற்றமில்லாத இடத்திலும், நான் செய்தேன் என்று ஒரு சுமை இருக்கிறது, வேடிக்கை பார்த்தவனுக்கு அந்தச் சுமை இருக்காது.

நமக்கு இது புதிதில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் மனுநீதிச் சோழன் கதை, யோசித்துப் பார்த்தால், ஒரு சாலை விபத்துக் கதை. இளவரசன் தேரில் போகிறான். கன்று துள்ளி வந்து சக்கரத்தில் விழுகிறது. வேண்டுமென்று செய்ததில்லை. பரிகாரம் செய்தால் போதும், அதற்கு முறை இருக்கிறது என்கிறார்கள் அமைச்சர்கள். அரசன் கேட்கவில்லை, மகனைத் தேர்க்காலில் இடுகிறான். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தத் தண்டனை பிடித்ததில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அமைச்சர்களின் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். எங்கள் வக்கீலின் குரல் அது. எல்லாம் முறைப்படி முடிஞ்சிடும், கவலைப்படாதீங்க. பசு வந்து மணியை அடித்தது தண்டனை கேட்டுத்தானா? என் கன்று செத்துவிட்டது என்று ஒருவர் காதில் விழ வேண்டும், அவ்வளவுதானோ என்று இப்போது நினைக்கிறேன்.

பல வருடம் இந்த இரண்டு கதைகளையும் எனக்கு ஆறுதலாக வைத்திருந்தேன். தவறில்லாதவனுக்கும் வலிக்கும், எனக்கும் வலிக்கிறது, ஆக நான் நல்லவன்தான். விமான விதியின் அந்த ஒரு வரி அந்த ஆறுதலைப் பிடுங்கிக்கொண்டது. வில்லியம்ஸின் லாரி டிரைவரால் எதையும் தவிர்த்திருக்க முடியாது. இளவரசன் கன்றைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

சட்டத்தின் முன் சரியாக இருப்பது வேறு, நடந்ததற்குப் பொறுப்பாக இருப்பது வேறு. சாலையில் ஒன்றை வைத்து மற்றதை அழித்துவிடுகிறோம். நான் சரி, எனவே எனக்குப் பொறுப்பில்லை. விமான விதி இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு அது ஒருவரைத்தான் காட்டும். மோதலைத் தவிர்க்க வேண்டியது யார் என்று கேட்டால் இருவரையும் காட்டும்.

அதனால்தான் விபத்துக்குப் பிறகு கேட்கும் கேள்வியும் அங்கே இரண்டாகப் பிரிகிறது. சிகாகோ உடன்படிக்கையின் 13ஆவது இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது என்கிறது. யார் மேல் பழி என்று பிரித்துக்கொடுப்பது அதன் வேலை இல்லை. இதனால் வழக்கும் தண்டனையும் இல்லாமல் போய்விடவில்லை. யூபர்லிங்கன் விபத்துக்காக, வானத்தைக் கண்காணித்த சுவிஸ் நிறுவனத்தின் ஊழியர்கள் நான்கு பேரை 2007இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. அதற்கு முன்பே 2004இல், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அந்த விமானத்தில் இழந்த ஒருவர், பணியில் இருந்த அந்தக் கட்டுப்பாட்டாளரை வீட்டு வாசலில் குத்திக் கொன்றார். பழி எங்காவது போய் இறங்கத்தான் பார்க்கிறது. இருந்தாலும், பழியைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திவைத்துவிட்டு, என்னதான் நடந்தது என்று மட்டும் கேட்பதற்கு ஓர் அறை வேண்டும் என்று அந்தத் துறை முடிவு செய்திருக்கிறது. அந்த அறையில் இருப்பவன், நான் பார்த்தேன் என்று சொல்லலாம். எத்தனை மீட்டரில், எத்தனை விநாடி முன்னால், அப்போது என்ன நினைத்தேன் என்று சொல்லலாம். அதிலிருந்து இன்னொருவன் தப்பிக்கலாம்.

நான் நின்ற கூண்டில் அதற்கு இடமில்லை. அங்கே ஒரே ஒரு சொல்தான் செல்லுபடியாகும்: திடீர்.

வக்கீலைக் குறை சொல்லவில்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் சொன்ன சொல்லையே ஆட்டோவில் அப்பாவிடமும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் கேட்டது நஷ்டஈட்டுக் கேள்வி இல்லை. யார் மேல் தப்பு என்று அவருக்கும் தெரியும். பின்னால் உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அவரும் அந்த லோடு ஆட்டோவைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நான் பிரேக் பிடிப்பேன் என்று நாலு விநாடி காத்திருந்திருப்பார்.

*

அக்கா மகள் பாஸாகிவிட்டாள். போனில் சொன்னபோது, "பலூன் கேள்வி வந்துச்சா?" என்று கேட்டேன். "வரல மாமா. கஷ்டப்பட்டுப் படிச்சது எதுவும் வரல" என்று சிரித்தாள்.

அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டியில் போனோம். அவள்தான் ஓட்டினாள், நான் பின்னால். எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேர்ந்து கொஞ்ச தூரம் போனதும், சந்திலிருந்து ஒரு பால்காரர் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளில் ஏறி வந்தார். அவள் ஹாரன் அடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்து அவரைப் போகவிட்டு, பிறகு நகர்ந்தாள். பால்காரருக்கு நாங்கள் அங்கே இருந்ததே தெரியாது.

இதில் ஒன்றுமில்லை. யாரும் செய்வார்கள். எனக்குத்தான், அவள் பிரேக்கில் விரல் வைத்த அந்த நேரத்தில், ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் வந்தது.

பாத்தேம்ப்பா. அவன் வர்றத நான் பாத்தேன்.